வால் இல்லாத பறவை

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நான் நலம். நீயும் உன் முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள்?

மூன்று வாரமாக நான் தனிக்கட்டை. மகளுக்கு ரத்த அழுத்தம் கூடிவிட்டது. பிரசவம் வரைக்கும் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உன் தம்பி பொண்டாட்டி தையல் மெஷினுக்குத் துணியைப் போர்த்திவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடமும் விடுமுறை. ஜூன் மூன்றாம் தேதி திறக்கும்வரை நான் ஓட்டுகிற பள்ளி வண்டி ஷெட்டில் தூங்கும். இருபத்திரண்டு வருஷமாகப் பதினான்கு பிள்ளைகளின் கூச்சலோடு காலையைத் தொடங்கியவனுக்கு இந்த வீட்டின் அமைதி காதை அடைக்கிறது. காது கேட்காத உன்னிடம் போய் இதைச் சொல்கிறேன் பார். போனில் பேச முடிந்தால் நாம் ஏன் தபால்காரரை வாட்டப் போகிறோம்.

போகும்போது ஒரு வேலை வைத்துவிட்டுப் போனாள். சமையலறை ஜன்னலுக்கு எதிரே ஒரு கம்பம் நட்டு, மேலே பலகை அடித்திருக்கிறாள். தினமும் தானியமும் பழத்துண்டும் போட வேண்டும். "பட்டினி போட்டீங்கன்னு தெரிஞ்சுது, வந்து உங்களைப் பட்டினி போடுவேன்" என்று உத்தரவு. குருவி வருகிறது, மைனா வருகிறது. அதெல்லாம் எனக்கே தெரியும். ஆனால் ஒரு வாரமாக ஒன்று வருகிறது அக்கா, அதற்கு மட்டும் பேர் தெரியவில்லை. செங்கல் நிற உடம்பு, கரி பூசின தலை, இறக்கையில் வெளுத்த திட்டு. மைனாவை விடக் கொஞ்சம் பெரிசு. அதற்கு வால் இல்லை. பிய்ந்துபோன மாதிரியும் தெரியவில்லை. உடம்பு முடிகிற இடத்தில் முடிந்துவிடுகிறது.

நீ பறவைப் புத்தகம் ஒன்றை அச்சகத்தில் வரிவரியாகத் திருத்தியவள். இது என்ன பறவை என்று சொல்லேன்.

இன்னொன்று. சிரிக்காதே. அது பறந்து வருவதை நான் ஒருநாளும் பார்க்கவில்லை. பலகை காலியாக இருக்கும், கண் இமைத்தால் அது அங்கே இருக்கும். ஆள் இல்லாத வீட்டில் அப்படி ஒன்று முளைப்பது நன்றாக இல்லை.

போன மாதக் கடைசியில் ஒருநாள் தலையின் வலப்பக்கம் பிளந்துவிடுவது போல வலித்தது. இரண்டு நாள் படுத்தேன், மாத்திரையில் சரியாகிவிட்டது. பயப்படாதே.

அன்புடன்,
உன் தம்பி சக்கரம்

மே 8

என் அன்புச் சக்கரத்துக்கு,

ஐம்பத்தெட்டு வயதிலும் பழைய டயரை உருட்டிக்கொண்டு ஓடிய பையனின் பட்டப்பெயரில் கையெழுத்துப் போடுகிறாய். பள்ளிக்கூடத்தார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினேன். அதை மூன்று முறை புரூஃப் பார்த்திருக்கிறேன். முந்நூற்றுச் சொச்சம் பறவைகளின் அலகு நீளம் எனக்கு மனப்பாடம். நேரில் பார்த்தது என்னவோ காக்கை, புறா, குருவி மூன்றுதான். என் மூன்றாம் மாடி ஜன்னலுக்கு எதிரே எதிர்க் கட்டடத்துக் குளியலறைக் குழாய்கள். அவற்றில் எந்தப் பறவை உட்காரும்?

வால் இல்லாத பறவை என்று புத்தகத்தில் ஒன்றும் கிடையாது. குட்டை வால் உண்டு. அந்த வகை தண்ணீர்ப் பக்கத்தை விட்டு நகராது, பலகையில் ஏறிப் பழம் தின்னாது. நிறத்தை வைத்துப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் பொருந்துகிறது. ஆனால் அதற்கு உடம்பை விட நீளமான வால். அந்த வாலால்தான் அதற்குப் பெயரே. அதனால் அது இல்லை.

நிதானமாக உட்கார்ந்து பார். அலகைப் பார்த்து எழுது. இறக்கைத் திட்டு வெள்ளையா சாம்பலா, ஜோடியாக வருகிறதா தனியாகவா, எந்தப் பக்கம் திரும்பி உட்காருகிறது, எல்லாம் எழுது. பார்க்காததைப் பார்த்ததாக எழுதாதே. சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் குணம் உண்டு.

தலைவலி என்று போகிற போக்கில் எழுதிவிட்டு பயப்படாதே என்கிறாய். எனக்கு வேறு என்ன வேலை? டாக்டரிடம் காட்டினாயா இல்லையா?

பிரியமுள்ள,
அக்கா

மே 13

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வரிக்கு வரி பாதி வார்த்தையில் தொடங்குகிறது. "கைப் பார்த்து எழுது" என்கிறாய். எந்தக் கையை? ஊரார் எழுத்தையெல்லாம் திருத்தியவள் இப்படி எழுதினால் யாரிடம் போய்ச் சொல்வது. வயதாகிவிட்டது அக்கா உனக்கு.

பறவை விஷயம் புதிராகிவிட்டது. ஒன்றல்ல, இரண்டு ஜாதி வருகிறது. இரண்டுக்கும் ஒரே உடம்பு, ஒரே தலை. ஒன்றுக்கு வால் இல்லை, இன்னொன்றுக்கு முழ நீளத்துக்கு வால். நான்கு நாள் குறித்து வைத்தேன். வால் இல்லாதது எப்போதும் வலப்பக்கம், மதில் சுவரைப் பார்த்துத்தான் உட்காருகிறது. வால் உள்ளது எப்போதும் இடப்பக்கம், கேட்டைப் பார்த்து. ஒருநாளும் மாறவில்லை. இரண்டும் சேர்ந்து வருவதும் இல்லை. ஒன்று போனதும் அதே இடத்தில் மற்றது நிற்கிறது. பறவை செய்கிற வேலையா இது?

அக்கா, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். இந்த வீட்டில் ஏதோ சரியில்லை. மேசையில் வைத்த டீ தானாக விழுந்து உடைகிறது, இதுவரை மூன்று கண்ணாடித் தம்ளர். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவப் போனால் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கிறது. நான் தின்ற சோற்றை யாரோ திரும்ப வைத்த மாதிரி. முந்தாநாள் வாசலில் நிற்கிறேன், ஆளே இல்லை, காதுக்குப் பக்கத்தில் "பால் எவ்வளவு ஊத்த?" என்று குரல். அலறிவிட்டேன். பார்த்தால் பால்காரம்மா என் தோளுக்கு அருகில் நிற்கிறாள். அவள் பயந்து பாதிப் பாலைக் கொட்டிவிட்டாள்.

வண்டியைச் சும்மா வைக்கக்கூடாது என்று எடுத்து ஒரு சுற்றுப் போனேன். திரும்பி உள்ளே விடும்போது கேட் தூண் இடித்து இடப்பக்கக் கண்ணாடி பெயர்ந்து போயிற்று. அந்தத் தூண் அங்கே இல்லை அக்கா. சத்தியமாகச் சொல்கிறேன், பார்த்துத்தான் திருப்பினேன். பக்கத்து வீட்டு மெக்கானிக் புதுக் கண்ணாடி மாட்டும்போது சிரிக்கிறார். "தூண் எங்கயும் போகலண்ணே, நீங்கதான் அது மேல போனீங்க."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பாய். விளக்கைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன்.

உன்,
சக்கரம்

மே 17

என் கண்ணான தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைத் தாளின் வலது பாதியில் மட்டும் எழுதுகிறேன். இடது பாதி வெறும் தாள். ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் கடைசிவரை படி.

உன் வீட்டுக்கு வருவது இரண்டு ஜாதி இல்லை. ஒரே ஜாதி. வால்காக்கை. அது கேட்டைப் பார்த்து உட்கார்ந்தால் வால் உனக்கு வலப்பக்கம் வரும். அப்போது நீ வாலைப் பார்க்கிறாய். சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் வால் இடப்பக்கம் வரும். அப்போது உனக்கு வால் இல்லை. அது எங்கிருந்தோ முளைக்கவும் இல்லை. கேட் பக்கத்திலிருந்து பறந்து வருகிறது. கேட் உனக்கு இடப்பக்கம். தம்ளரை வலக்கைப் பக்கம் வைத்தால் விழாது. தட்டில் மீந்த சோறு எந்தப் பாதி என்று யோசித்துப் பார். பால்காரம்மா எந்தத் தோளுக்கு அருகில் நின்றாள்?

உன் மூன்று வருஷக் கடிதங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எப்போதும் தாளின் ஓரத்திலிருந்து தொடங்குகிறவன் நீ. மே 4 கடிதத்தில் வரிகள் நாலு விரல் தள்ளித் தொடங்குகின்றன. மே 13 கடிதத்தில் தாளின் நடுவிலிருந்து. என் எழுத்து பாதி வார்த்தையில் தொடங்கவில்லையடா. அந்தப் பாதி உனக்குத் தெரியவில்லை. இந்தக் கடிதம் தடங்கல் இல்லாமல் படிக்க வருகிறதா? வந்தால் அதற்கு அர்த்தம் என்ன என்று உனக்கே தெரியும்.

கண்ணோ, அந்தத் தலைவலியோ, எனக்குத் தெரியாது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. அதற்கு முன்னால் ஒன்று செய். மெக்கானிக்கைக் கூப்பிட்டு அந்தப் பலகையில் வரிசையாகச் சில குவியல் தானியம் வைக்கச் சொல். எத்தனை என்று உன்னிடம் சொல்ல வேண்டாம். நீ ஜன்னலில் உட்கார்ந்து நடுவில் இருக்கும் ஆணியை மட்டும் பார், கண்ணைத் திருப்பாமல் எண்ணு. எண்ணி எனக்கு எழுது.

வண்டியைத் தொடாதே. பிள்ளைகள் இறங்குகிற கதவு எந்தப் பக்கம் சக்கரம்? பள்ளி திறக்கப் பதினேழு நாள் இருக்கிறது. கடவுள் கொடுத்த பதினேழு நாள் என்று நினைத்துக்கொள்.

அக்கா

மே 23

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படிக்க நன்றாகவே வந்தது. அதற்குக் காரணம் நீ இந்தத் தடவை பொறுமையாக எழுதியதுதான்.

பறவைக்குப் பேர் கேட்டால் எனக்கே வியாதிக்குப் பேர் வைக்கிறாய். நாலு சுவருக்குள் எழுத்தைப் பார்த்துப் பார்த்து உனக்கு எதைப் பார்த்தாலும் பிழையாகத் தெரிகிறது. ஆனாலும் உன் பேச்சைத் தட்டக்கூடாது என்று எல்லாம் செய்தேன். குவியல் வைத்தேன். மெக்கானிக்குக்கு வேலை, அதனால் நானே வைத்துக்கொண்டேன். ஆணியைப் பார்த்தேன். ஏழு குவியல் வைத்தேன், ஏழும் தெரிந்தன. கண் டாக்டரிடமும் போனேன். அட்டையில் கடைசி வரி வரை படித்தேன். "இந்த வயசுல இப்படி ஒரு பார்வையா?" என்று அவரே ஆச்சரியப்பட்டார். போதுமா?

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பிள்ளைக்கு முழங்கால் சிராய்த்ததில்லை. முதல் வருஷம் நான் ஏற்றிய பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளை என்னை நம்பி அனுப்புகிறார்கள். காலையில் ஹாரன் அடித்தால் வீட்டுக்கு வீடு "வண்டி மாமா வந்தாச்சு" என்று குரல் வரும். அதை எடுத்துவிட்டால் நான் என்ன செய்வேன், இந்த ஜன்னலில் உட்கார்ந்து குருவி எண்ணவா? அந்த யோசனை வரும்போதுதான் எனக்குப் பயம் வருகிறது. வேறு பயம் ஒன்றும் இல்லை.

மகள் வீட்டுக்கு இதைப் பற்றி ஒரு வரி எழுதிவிடாதே. அவளுக்கு அதிர்ச்சி தரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மா முகம் வாடினால் பெண் கண்டுபிடித்துவிடுவாள். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி

மே 27

அன்புத் தம்பிக்கு,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய்.

நீயே ஏழு வைத்தால் ஏழுதான் தெரியும். தான் எழுதியதைத் தானே புரூஃப் பார்க்கக்கூடாது என்று அச்சகத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். விட்டுப்போன எழுத்தை மனசு தானாகவே போட்டுப் படித்துவிடும். அதற்காகத்தான் மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னேன்.

அது தெரியாமல் நடந்த பிழை, விட்டுவிடலாம். இதை எப்படி விடுவது? உன் மே 23 கடிதத்தில் இடது ஓரம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. சந்தோஷத்தில் கண்ணீர் வந்துவிட்டது எனக்கு. பிறகு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். ஓரத்தில் ஸ்கேல் வைத்துப் பென்சிலில் கோடு போட்டு, எழுதி முடித்த பிறகு ரப்பரால் அழித்திருக்கிறாய். விரலால் தடவித் தடவித் தொடங்கினாயா ஒவ்வொரு வரியையும்? ஆக உனக்குத் தெரியும். தெரிந்துதான் என்னிடம் மறைக்கிறாய். டாக்டரிடம் போனதும் பொய்தான். இல்லை என்று எழுது பார்க்கலாம்.

உன்னைத் திட்ட எனக்குத் தகுதி இல்லை. ஏன் என்று சொல்கிறேன். இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. எனக்குக் காது போனது வேலையை விட்ட பிறகு என்றுதானே எல்லோரும் நினைக்கிறீர்கள்? அதற்கு மூன்று வருஷம் முன்பே போய்விட்டது. உதட்டைப் பார்த்துச் சமாளித்தேன். ஒருநாள் பேப்பர் வெட்டும் மெஷினில் பைண்டரின் கை மாட்டிக்கொண்டது. சுவிட்ச் என் முதுகுக்குப் பின்னால். அவர் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தியிருக்கிறார். நான் குனிந்து ஒரு காற்புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டு விரல் போயிற்று. பயத்தில் எனக்குக் கை கால் ஓடவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த மனிதர் எனக்கு ஆறுதல் சொன்னார் தம்பி. கட்டுப்போட்ட கையோடு எனக்கு ஆறுதல் சொன்னார்.

உன் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சருக்கு இன்று ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். நகல் இதோடு வைத்திருக்கிறேன். கை பழகிப்போய் இரண்டையுமே வலது பாதியில்தான் எழுதியிருக்கிறேன், படித்துப் பார். என்னைச் சபிப்பதானால் சபி. அதற்கு முன் நீயே போய்ச் சொல்லிவிட்டால் என் கடிதத்துக்கு வேலை இருக்காது. அப்படித்தான் நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

பெண்ணின் நிலைமைக்காக உன் மனைவிக்கு இப்போது எழுதவில்லை.

அக்கா

ஜூன் 7

அக்காவுக்கு,

பள்ளிக்கூடம் திறந்த அன்று பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார். உன் கடிதத்தை மேசையில் வைத்து, "இது என்ன டிரைவர்?" என்றார். பத்து டீச்சர்கள் எட்டிப் பார்த்தார்கள். இந்த வயதில் எனக்கு இந்த அவமானத்தைத் தேடித் தந்திருக்கிறாய்.

நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். "எங்க அக்காங்க. வயசாயிடுச்சு, காது கேக்காது, தனியா இருந்து இருந்து மனசு கொஞ்சம் கலங்கிப்போச்சு. பறவையைப் பத்தி எழுதினா நோயின்னு பதில் போடுவாங்க" என்றேன். கடிதத்தை அவர் இன்னொரு தடவை பார்த்தார். தாளின் ஒரு பாதியில் மட்டும் எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் என்னை நம்பிவிட்டார். "பாவம், பாத்துக்கோங்க" என்று கடிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டார்.

ஐந்து நாளாக ஓட்டுகிறேன். ஒரு கீறல் இல்லை. கழுத்தை நன்றாகத் திருப்பி, ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்துத்தான் வண்டியை எடுக்கிறேன். ராத்திரி கழுத்து வலியில் தூக்கம் வருவதில்லை. அது என் பாடு.

இனி எனக்கு எழுத வேண்டாம். வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் தம்பி

ஜூன் 11

தம்பி,

பிரிக்க மாட்டேன் என்றாய். பிரித்தால் படி.

பைத்தியம் என்றே இருந்துவிட்டுப் போகிறேன். அதில் எனக்கு ஒன்றுமில்லை. நேற்று கீழ்வீட்டுப் பெண்ணை விட்டு உன் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்யச் சொன்னேன். என் பேரைச் சொன்னதும், "அவங்களை நல்லா கவனிச்சுக்கோங்கம்மா" என்று வைத்துவிட்டார்களாம். நீ கட்டிய சுவர் நன்றாகத்தான் நிற்கிறது.

நேரில் வந்துவிடலாம் என்று சனிக்கிழமை கிளம்பினேன். கைப்பிடியைப் பிடித்து மூன்று மாடியும் இறங்கி, பஸ் நிலையத்தில் போய் உட்கார்ந்தேன். உன் ஊர் பஸ்ஸை மைக்கில் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு எங்கே கேட்கும்? வேறு ஒரு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி பஸ்ஸும் போனபிறகு ஒருவர் எழுதிக் காட்டினார். திரும்பி வந்துவிட்டேன்.

காலை எட்டு மணிக்கும் மாலை மூன்றரைக்கும் என்னால் உட்கார முடியவில்லை. அறைக்குள்ளேயே நடக்கிறேன். இந்நேரம் எத்தனை பேர் இறங்கியிருப்பார்கள், கதவைச் சாத்தியிருப்பானா, கழுத்தைத் திருப்பியிருப்பானா என்று. நான்கரைக்கு மேல்தான் மூச்சு வருகிறது. மறுநாள் திரும்ப.

திங்கட்கிழமை வரை பார்ப்பேன். பிறகு உன் மனைவிக்கு எழுதிவிடுவேன். பிரசவப் பெண் இருக்கிற வீடு என்று தெரியும். பதினான்கு வீடுகளில் பிள்ளைகள் இருப்பதும் தெரியும்.

எனக்குப் பயமாக இருக்கிறதடா.

அக்கா

ஜூன் 15

என் அக்காவுக்கு,

கோடு போடாமல் எழுதுகிறேன். எங்கே தொடங்குகிறதோ தொடங்கட்டும்.

உன் கடிதம் நேற்று வந்தது. வாசலிலேயே பிரித்துப் படித்தேன். அதற்கு முன்பே, புதன்கிழமையே, சாவியைக் கொடுத்துவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை முதலில் படித்துவிட்டு நீ உட்கார்.

அன்று சாயங்காலம் கடைசி ஸ்டாப்பில் நான்கு பிள்ளைகளை இறக்கிவிட்டேன். கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன், யாரும் இல்லை, வண்டியை எடுத்தேன். முனை திரும்பியதும் பின் சீட்டில் ஒரு சாப்பாட்டுப் பை கிடப்பது தெரிந்தது. நிறுத்திவிட்டு அதை எடுத்துக்கொண்டு நடந்தே திரும்பினேன். நான்கு பேரும் அங்கேயேதான் நின்றார்கள். நீளமான மதில் அது. அதில் முதுகை ஒட்டி, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அவர்களில் அவள்தான் பெரியவள், இந்தக் கோடியில் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏன் இன்னும் வீட்டுக்குப் போகல?" என்றேன்.

"வண்டி போனப்புறம் பத்து எண்ணிட்டுத்தான் நகரணும் மாமா. ரூல்."

"யார் போட்ட ரூல்?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பொடியன்தான் சொன்னான். "மாமாக்குத்தான் இந்தப் பக்கம் தெரியாதுல்ல." பெரியவள் அவனைக் கிள்ளினாள்.

நான் அந்த நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன் அக்கா. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பள்ளி திறந்த இரண்டாம் நாள் அந்தப் பொடியனின் பை வார் கதவில் மாட்டிக்கொண்டதாம். கண்ணாடிக்கு நேராக எல்லோரும் கை ஆட்டியிருக்கிறார்கள். நான் திரும்பி, அவர்களை நேராகப் பார்த்துவிட்டு, வண்டியை எடுத்தேனாம். அவன் கூடவே ஐந்தாறு அடி ஓடியிருக்கிறான். வார் அறுந்ததால் பிழைத்தான். பதினான்கு பேரும் மறுநாள் இண்டர்வலில் கூடிப் பேசி ரூல் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பெரிய பிள்ளை கடைசியில் இறங்க வேண்டும், கதவை இழுத்துப் பார்க்க வேண்டும், சின்னவர்களைச் சுவரோடு நிறுத்த வேண்டும். வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது. ஐந்து நாள் ஒரு கீறல் இல்லை என்று உனக்கு நெஞ்சை நிமிர்த்தி எழுதினேனே, அப்போதே இந்த ரூல் நடந்துகொண்டிருந்தது.

வண்டிக்கு வந்து கதவை முழுக்கத் திறந்து பார்த்தேன். கதவு ஓடும் தண்டவாளத்தில் நீலத் துணித் துண்டு ஒன்று சிக்கிக்கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். அவர் வந்து வண்டியை ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன்.

பெரிய டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பைத்தியம் என்று நான் சொன்ன அக்காதான் சரி, பொய் சொன்னது நான் என்றேன். அவர் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். கண்ணில் கோளாறு இல்லையாம். மூளையில் வலப்பக்கம் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, அந்தத் தலைவலி அன்றே. இரண்டு கண்ணிலும் போன இடது பாதிப் பார்வை பெரும்பாலும் திரும்பாது, இன்னொரு அடைப்பு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். கை நிறைய மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உன் தம்பி பொண்டாட்டிக்கு நானே போன் செய்து சொன்னேன். ரொம்ப நேரம் அழுதாள். பெண்ணை விட்டு அவளால் இப்போது வர முடியாது, நானும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன்னைப் பைத்தியம் என்றேன். பஸ் நிலையத்தில் நீ உட்கார்ந்திருந்ததைப் படித்த பிறகு மன்னித்துக்கொள் என்று எழுதக் கை வரவில்லை. நீ அடித்தால் வாங்கிக்கொள்கிறேன்.

வரும் இருபத்து மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் தன் வண்டியில் உன்னை அழைத்துவர வருகிறார். வாசலில் வந்து நின்று, எழுதித்தான் காட்டுவார். தயாராக இரு.

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். அந்த நாலாம் வகுப்புப் பெண்ணிடம், "ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவள் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு, "சொன்னா நீங்க பயந்துடுவீங்கன்னுதான் மாமா" என்றாள்.

பயந்துதான் போயிருக்கிறேன் அக்கா. நீ வா.

உன்,
சக்கரம்